பள்ளிக்கூடத்தில கீறுற கையும் வீட்டில கீறுற கையும்

கேள்வி: கிணத்தடி

வணக்கம். நான் வடமராட்சியில ஒரு பாடசாலையில சித்திரம் படிப்பிக்கிறன். மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலைக் கழகத்தில சித்திரமும் வடிவமைப்பும் படிச்சு முடிச்சு, நியமனம் கிடைச்ச நாளில இருந்து இதுதான் வேலை. ஆறாம் வகுப்பில இருந்து ஓஎல் (பதினோராம் வகுப்பு) வரைக்கும் முழுக்க நான்தான். ஏஎல்லுக்கும் (உயர்தரம்) கொஞ்சப் பிள்ளையள் இருக்கினம். படிப்பிக்கிறது எனக்கு விருப்பம். இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் இப்பிடி ஒரு கேள்வி கேட்டால் "அப்ப வேலையை விடுங்கோ" எண்டு உடனே ஆராவது எழுதுவினம். நான் விடுறதா இல்லை.

நேரம் ஒரு பிரச்சினைதான். தை, மாசியில இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் எல்லா இல்லக்காரரும் சோடனைக்கு என்னைத்தான் தேடுவினம். பிறகு பரிசளிப்பு விழாவுக்கு மேடைப் பின்திரை, நவராத்திரிக்கு வாணி விழா, வருசக் கடைசியில ஒளிவிழா. ரெஜிபோமில எழுத்து வெட்டுறது, வாசலில கோலம் போடுறது, வரவேற்புப் பலகை எழுதுறது, எல்லாம் "ரீச்சர், உங்களுக்கு இது அஞ்சு நிமிச வேலை" எண்டு சொல்லித்தான் வரும். ஒண்டரைக்கு மணி அடிச்சாலும் வீட்டை போய்ச் சேர மூண்டு மணி ஆகும்.

ஆனா நான் கேக்க வந்தது நேரத்தைப் பற்றி இல்லை. போன மாசம் ஒரு சனிக்கிழமை எல்லா அலுவலையும் ஒதுக்கி வைச்சிட்டு எங்கட வீட்டுக் கிணத்தடியைக் கீற இருந்தன். கப்பி, வாளி, பக்கத்தில வாழை, அம்மா உடுப்புத் தோய்க்கிற கல்லு. கீறி முடிச்சுப்போட்டுத் தள்ளி நிண்டு பாத்தால், வெளிச்சம் இடப்பக்கத்தில இருந்து வருது, நிழல் எல்லாம் வலப்பக்கம் சரிஞ்சு விழுந்திருக்கு. நான் இருந்து கீறின நேரம் நடு மத்தியானம். வெயில் உச்சியில. வாளியின்ர நிழல் வாளிக்குக் கீழதான் கிடந்தது. என்ர கை அதைப் பாக்கவே இல்லை. ஓஎல் பிள்ளையளுக்கு நிலைப்பொருள் காட்டிக் குடுக்கேக்க கரும்பலகையில செம்பும் துணியும் பழமும் வைச்சு எப்பிடிக் கீறுவனோ, அப்பிடியே கிணத்தையும் கீறி வைச்சிருக்கு. வாளியின்ர வாய் வட்டம் அச்சில வாத்த மாதிரி. வாழை இலையில கிழியல் ஒண்டும் இல்லை.

பரீட்சைக்குப் புள்ளி விழுற படம் அது. என்ர படம் இல்லை.

பாடசாலையில சித்திரம் படிப்பிச்சுக்கொண்டு சொந்தமாயும் கீறுற ஆக்கள் இஞ்ச இருக்கிறியள் எண்டு தெரியும். இந்த ரெண்டு கையையும் எப்பிடி வைச்சிருக்கிறியள்? ஒண்டு மற்றதைத் தின்னாமல் இருக்க என்ன செய்யிறியள்?

பதில்: வெண்கட்டி

தங்கச்சி, நான் ஓய்வு பெற்ற சித்திர ஆசிரியன். வலிகாமத்திலும் தீவகத்திலும் படிப்பித்தேன். உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நேரம் போதவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், நீங்கள் கையைக் கவனித்திருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான இடம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வகுப்பில் கீறுகிற கோடு கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் விளங்க வேண்டிய கோடு. அதில் தயக்கம் இருக்கக்கூடாது. ஆகவே நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அங்கே கீறுகிறோம். செம்பின் வாய் நீள்வட்டம் என்று தெரியும், கீறிவிடுவோம், செம்பைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. வீட்டில் இருந்து சொந்தமாகக் கீறுகிறபோது தெரியாததைக் கீற வேண்டும். அங்கே தயக்கம் இல்லாத கோடு பொய்க்கோடு. வருசக்கணக்காக ஒரு கையைத் தெரிந்ததிலேயே பழக்கினால் அது தெரியாததை மறந்துதான் போகும். இதற்காக உங்களை நீங்களே குறை சொல்ல வேண்டாம்.

நான் செய்து வந்ததைச் சொல்கிறேன். கரும்பலகையில் கீறிக் காட்டினால், பிள்ளைகள் பென்சில் எடுக்க முதலே அழித்துவிடுவேன். "சேர், அழிக்காதேங்கோ" என்று சத்தம் போடுவார்கள். அழித்துவிட்டு மேசையில் இருக்கிற செம்பைக் காட்டுவேன். பலகையில் என் செம்பு நின்றால் நாற்பது பேரும் என் செம்பைத்தான் கீறுவார்கள். நாற்பது கொப்பியிலும் என் கோட்டையே நான் பார்த்துத் திருத்துவேன். மாலையில் வீட்டுக்குப் போனால் வேறு கோடு எங்கிருந்து வரும்? அழித்தால் அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அடுத்தது, பிள்ளையின் தாளில் என் பென்சில் படாது. பிழை காட்ட வேண்டுமென்றால் ஓரத்தில் துண்டுத்தாள் வைத்துக் கீறிக் காட்டுவேன், அல்லது பென்சிலை நீட்டிப் பிடித்து அளவெடுக்கச் சொல்வேன். பிள்ளையின் படத்தில் நாம் போடுகிற ஒவ்வொரு "திருத்தமும்" நம் கையை அதே தடத்தில் இன்னும் ஆழமாக ஓட விடுகிறது.

வீட்டில், பாடசாலையில் தொடுகிற எதையும் தொடுவதில்லை. அங்கே பென்சிலும் போஸ்டர் கலரும். வீட்டில் இந்தியன் இங்க், மூங்கில் குச்சியைச் சீவித் தோய்த்துக் கீறுவேன். அழிக்க முடியாது, கோடு எங்கே தடிக்கும் எங்கே வற்றும் என்று முன்கூட்டித் தெரியாது. பழகிய கை அங்கே தடுமாறும். தடுமாறினால்தான் கண் வேலை செய்யத் தொடங்கும். நீங்கள் கிணற்றை அடுத்த முறை பென்சிலால் தொடாதீர்கள். தண்ணீர் வர்ணமும் வேண்டாம், நம் வெயிலுக்கு அது காய்கிற வேகத்தில் உங்கள் பழைய கைதான் முந்திக்கொண்டு ஓடும்.

இன்னொரு விஷயம். யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அதைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு சித்திர ஆசிரியர்களுடையது. 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கிய எஸ்.ஆர். கனகசபை சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர். பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பார்க்கிற உத்தியோகம், அதோடு தன் படங்களும். கொழும்பில் நவீன ஓவியர்கள் கூடிய 43 குழுவில் இருந்த பீலிங்கும் பிரதம சித்திர வித்தியாதரிசிதான். நம்முடைய அ. மாற்கு மாஸ்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குருநகரில் 1933இல் பிறந்து, வாழ்நாள் முழுக்கப் படிப்பித்துக்கொண்டே கீறினார். விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை அவர் நடத்தியதால், பாடசாலை பூட்டுகிற நாட்கள் கூடிக் கீறுகிற நாட்களாயின. அவரிடம் கற்றவர்கள் அவரைப்போலக் கீறவில்லை என்பதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போனார்கள்.

இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்த ஒன்று கூட்டு. கீறியதைக் கொண்டுபோய் இன்னொரு கீறுகிற ஆளுக்கு முன்னால் வைத்தார்கள். சித்திர ஆசிரியருக்கு இருக்கிற பெரிய ஆபத்து, அவருடைய படத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள் பிள்ளைகளும் சக ஆசிரியர்களும்தான். என்ன கீறினாலும் "வடிவாயிருக்கு சேர்" என்பார்கள். அந்தப் புகழ் நல்ல மனதோடு வருவது, ஆனால் அதில் ஒரு ஓவியர் வளர முடியாது. "உந்த நிழல் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்கிற ஒரு ஆளாவது வேண்டும். உங்களுக்கு நீங்களே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், அது பெரிய காரியம். ஆனால் நெடுக நீங்களே கேட்டுக்கொண்டிருக்க ஏலாது.

வசதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தொண்ணூறுகளில் போரால் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் உடுப்புக்குப் போடுகிற நீலத்தையும் மஞ்சளையும் அடுப்புக்கரியையும் பசையோடு குழைத்துக் கீறினேன், தாள் என்று கிடைத்தது பழைய பதிவேட்டின் வெறும் பக்கங்கள். 1995 இடப்பெயர்வோடு அதெல்லாம் போய்விட்டது. படங்கள் போயின, கை என்னோடு வந்தது.

பதில்: மஞ்சள்முகம்

வெண்கட்டி சேர் சொன்னதில கனக்க விசயம் சரி. ஆனா ரெண்டு இடத்தில எனக்கு உடன்பாடில்லை, அதை எழுதாமல் விட மனம் வரேல்லை.

முதலாவது, "நேரம் பிரச்சினை இல்லை" எண்டு தாண்டிப் போகேலாது. சேர், நீங்கள் பின்னேரம் மூங்கில் குச்சியைச் சீவேக்க வீட்டில தேத்தண்ணி ஆர் ஊத்தினது? நான் கோபத்தில கேக்கேல்லை. எனக்கு ரெண்டு பிள்ளையள். விடிய எழும்பிச் சமைச்சு, அவையை வெளிக்கிடுத்தி, நான் ஏழரைக்கு முதல் பாடசாலையில கையெழுத்து வைக்க வேணும். திரும்பி வந்தால் பிள்ளையளின்ர வீட்டுப்பாடம், ரியூசன், இராச்சாப்பாடு. நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாளும் வீட்டில ஆக்கள். இதுக்குள்ள ஒரு பொம்பிளை "நான் கீறப்போறன்" எண்டு கதவைச் சாத்தினால் அது பெரிய கதை. கிணத்தடி ரீச்சர் கலியாணம் கட்டினவவோ தெரியாது, ஆனா இதைக் கணக்கில எடுக்காமல் கோட்டைப் பற்றி மட்டும் கதைச்சால் அரைவாசிதான் கதைச்ச மாதிரி.

நான் செய்தது என்னெண்டால், சனிக்கிழமை சித்திர ரியூசனை நிப்பாட்டினன். அந்தக் காசு வீட்டுக்குத் தேவையான காசுதான், கணவரோட இருந்து கதைச்சு முடிவெடுத்தம். சனி விடியக்காலமை என்ர. அந்த நேரம் நான் சமைக்கிறேல்லை, போன் எடுக்கிறேல்லை. ஒரு மாசம் வீட்டில முகத்தைச் சுழிச்சினம், பிறகு பழகீட்டினம். கிழமையில ஒரு நாள்தான். ஆனா அது ஆற்றயும் கையில இல்லாத நாள்.

சோடனை விசயத்தில இன்னொரு வழி இருக்கு ரீச்சர். "ஏலாது" எண்டால் அதிபரோட பிரச்சினை வரும். அதனால அதைப் பாடமாக்கிப் போடுங்கோ. நான் இல்லச் சோடனையை ஏஎல் பிள்ளையளிட்டக் குடுத்திட்டன். வடிவமைப்பு அவையின்ர, அளவெடுக்கிறது அவையின்ர, என்ன பொருள் வாங்கிறது எண்டு பட்டியல் போடுறதும் அவை. நான் ஒருக்காப் போய்ப் பாத்து "உந்த வாசல் விழுந்திடும், கம்பைக் குறுக்கால கட்டுங்கோ" எண்டு சொல்லுறதோட சரி. போன வருசம் பனை ஓலையும் சாக்கும் மட்டும் வைச்சு ஒரு இல்லம் செய்தாங்கள். நான் செய்திருந்தால் ரெஜிபோம்தான் வெட்டியிருப்பன்.

ரெண்டாவது, பலகையை அழிக்கிறது. ஒன்பது, பத்துக்குச் சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பிடிச் செய்தால் பயந்திடும். வெள்ளைத் தாளைப் பாத்து அழுத பிள்ளையை நான் கண்டிருக்கிறன். சின்ன ஆக்களுக்குப் படம் பலகையில நிக்கட்டும், ஆனா ஒரு செம்பு இல்லாமல் நாலைஞ்சு விதமான செம்பு கீறி விடுங்கோ. ஒண்டு நெளிஞ்சது, ஒண்டு குண்டு, ஒண்டு சரிஞ்சு கிடக்கிறது. அப்ப எது "சரியான" செம்பு எண்டு அவைக்குத் தெரியாது. உங்கட கைக்கும் அது நல்ல அப்பியாசம்.

பதில்: தீந்தை

நான் ரீச்சர் இல்லை. இன்னும் நியமனம் வரேல்லை. பட்டம் முடிச்சுப்போட்டு கொக்குவிலில வீட்டு விறாந்தையில ஞாயிற்றுக்கிழமையில சின்னப்பிள்ளையளுக்குக் கீறப் பழக்கிறன், மிச்ச நாளில கீறுறன். எனக்கு எதிர்ப்பக்கத்தில இருந்து ஒண்டு சொல்ல வேணும்.

படிப்பிக்கிறது கையைத் தின்னும் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ அக்கா. என்ர வகுப்புக்குக் குருநகரில இருந்து ஒரு பெடியன் வாறவன். அவன்ர அப்பா வள்ளம் பழுது பாக்கிறவர். ஒருநாள் "கடற்கரை" எண்டு தலைப்புக் குடுத்தன். மற்றப் பிள்ளையள் எல்லாம் தென்னை, சூரியன், அலையில ஒரு பாய்மரம். இவன் தாளை முழுக்க அடைச்சு ஒரு பெரிய கறுப்பு வளைவு கீறியிருந்தான். நடுவில ஒரு தடிச்ச கோடு, அதில இருந்து ரெண்டு பக்கமும் பலகை பலகையாய் விரியுது. மூலையில சின்னதாய் ஒரு துண்டு வெளிச்சம். இது என்ன எண்டு கேட்டன். "வள்ளத்துக்குக் கீழ படுத்தால் இப்பிடித்தான் அண்ணா தெரியும்" எண்டான். அப்பா தார் பூசேக்க இவன் கீழ படுத்துக் கிடந்து பிடிக்கிறவனாம்.

நான் கடலைக் கனதரம் கீறியிருக்கிறன். பண்ணைப் பாலத்தடி, காரைநகர், எல்லாம் கரையில நிண்டு தூரத்தைப் பாத்துக் கீறினது. அடியில படுத்துப் பாக்க எனக்குத் தோன்றினதே இல்லை. அதுக்குப் பிறகு நான் கீறின படங்களில பாக்கிற இடம் மாறிப்போச்சு. பெடியன்ர படத்தை நான் எடுத்துப் போடேல்லை, ஆனா எங்க இருந்து பாக்கிறது எண்ட கேள்வியை அவனிட்ட இருந்துதான் எடுத்தன். வகுப்பு இல்லாட்டி அது வந்திராது.

வெளியிலயும் இப்பிடித்தான் நடந்திருக்கு. ஓவியர் போல் கிளீ 1921இல இருந்து பத்து வருசம் ஜெர்மனியில பௌஹவுஸ் எண்ட கலைப் பள்ளியில படிப்பிச்சவர். பாடத்துக்கெண்டு எழுதின குறிப்புகள் ஆயிரக்கணக்கான பக்கம். கோடு எப்பிடி நடக்குது, நிறம் எப்பிடி நகருது எண்டு மாணவருக்கு விளங்கப்படுத்தப் போய்த் தனக்கும் விளங்கப்படுத்தினவர். பக்கத்தில தமிழ்நாட்டில கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின்ர அதிபராய் இருந்துகொண்டே 1966இல தன்ர மாணவரையும் சேத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அங்க இருந்த ஆக்கள் பத்திக், கைப்பணிப் பொருள் எண்டு செய்து வித்துத்தான் சீவிச்சவை, படம் வித்து இல்லை. உங்களுக்குச் சம்பளம் அந்த வேலையைச் செய்யுது. மாசம் முடிய வாற சம்பளம் இருக்கிறதால நீங்கள் விக்கிறதுக்கெண்டு கீறத் தேவையில்லை. என்னட்ட வாற ஆக்கள் கேக்கிறது நல்லூர்க் கோபுரமும் மாட்டு வண்டிலும்தான். கீறிக் குடுக்கிறன், அதில வாற காசுதான் கன்வஸுக்கு. விக்கிறதுக்குக் கீறுற கையும் ஒரு தனிக் கை அக்கா, அது பரீட்சைக் கையை விடப் பொல்லாதது.

கிணத்தடி

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போட ஏலாமல் போச்சு, தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தன்.

சேர் சொன்ன மாதிரி பத்தாம் வகுப்பில பலகையை அழிச்சுப் பாத்தன். பெரிய சத்தம். ஒருத்தி "ரீச்சர், அப்ப நாங்கள் எதைப் பாத்துக் கீறுறது?" எண்டு கேட்டாள். செம்பு அவளுக்கு முன்னால மேசையில இருக்கு! அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கீட்டுது. அண்டைக்கு வந்த படங்கள் பாக்க நல்லா இல்லை, புள்ளி போட்டால் குறையும். ஆனா ஒரு பிள்ளை செம்பின்ர வயித்தில ஜன்னல் வளைஞ்சு தெரிஞ்சதைக் கீறியிருந்தது. நான் ஒருநாளும் பலகையில அதைக் கீறிக் காட்டினதில்லை. எனக்கே அது கண்ணில பட்டதில்லை.

பரீட்சையை நினைச்சால் பயமும் இருக்கு, அதை மறைக்கேல்லை. ஓஎல் பிள்ளையளுக்கு ஏ வேணும், பெற்றோர் வந்து கேப்பினம். அதனால பதினொண்டுக்குக் கடைசித் தவணையில பழைய முறையிலதான் பாஸ் பேப்பர் (முந்தின வருச வினாத்தாள்) செய்விப்பன். மற்ற நேரம் அழிப்பன். மஞ்சள்முகம் அக்கா சொன்ன நெளிஞ்ச செம்பு யோசனையை ஆறாம் வகுப்புக்கு எடுக்கிறன். அக்கா, எனக்குக் கலியாணம் ஆகேல்லை, ஆனா அம்மாவுக்குச் சுகமில்லை, வீட்டுவேலை என்னோடதான். சனி விடிய எனக்குச் சரிவராது. வெள்ளி பின்னேரம் சித்தி வந்து நிப்பா, அந்த நேரத்தை எடுக்கப்போறன்.

சேர் சொன்ன கூட்டைப் பற்றித்தான் கனக்க யோசிச்சன். ஒவ்வொரு தவணை விடுமுறையிலயும் ஒரு நாள், கீறினதைக் கொண்டுவந்து ஒராளுக்கொராள் காட்டினால் என்ன? மண்டபம், திறப்பு விழா, பொன்னாடை ஒண்டும் வேண்டாம். தீந்தை தம்பியின்ர விறாந்தை காணும், அவர் ஓமெண்டால். முடிஞ்ச படம்தான் கொண்டுவரவேணும் எண்டில்லை.

சேரிட்ட ஒரு சின்னக் கேள்வி. கன்வஸ் விலைக்கு எனக்குக் கட்டாது. ஹாட்போட்டில (அழுத்தின மரநார்ப் பலகை) அக்ரிலிக் கீறலாம் எண்டு சொல்லுகினம். நான் முதல் ஒருக்காச் செய்தது மாரியில வளைஞ்சு போச்சு. எப்பிடித் தயார் செய்யிறது?

தீந்தை

விறாந்தை இருக்கு அக்கா. பாய் விரிச்சுத்தான் இருக்க வேணும், பத்துப் பேர் கொள்ளும். ஞாயிறு பின்னேரம் எண்டால் வகுப்பும் முடிஞ்சிருக்கும். சேர், நீங்கள் கட்டாயம் வரவேணும்.

வெண்கட்டி

வருவேன். "வடிவாயிருக்கு" என்று ஒருவரும் சொல்லக்கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை.

ஹாட்போட் வளைவதற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் பூசுவது. பூசாத பக்கம் ஈரத்தை இழுக்கும், மற்றப் பக்கம் இழுக்காது, அதனால்தான் வளைகிறது. மினுக்கமான பக்கத்தைச் சான்ட் பேப்பரால் மெல்ல உரசித் தூசியைத் துடையுங்கள். வெள்ளை அக்ரிலிக் ஜெசோ என்கிற அடிப்பூச்சு கிடைத்தால் அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி மெல்லிசாகப் பூசுங்கள். முதற் பூச்சு நெடுக்காக, காய்ந்த பிறகு அடுத்தது குறுக்காக, பிறகு இன்னொன்று. ஜெசோ கிடைக்காவிட்டால் சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்ஷன் பயிற்சிப் படங்களுக்குப் போதும், ஆனால் நெடுநாள் நிற்க வேண்டிய படத்துக்கு வேண்டாம், எண்ணெய் வர்ணத்துக்கு வேண்டவே வேண்டாம். பின்பக்கத்துக்கும் நாலு ஓரங்களுக்கும் கட்டாயம் பூசுங்கள், ஓரத்தால்தான் தண்ணி ஏறும். பெரிய பலகை என்றால் பின்னால் மரச்சட்டம் அடிக்க வேணும், சின்னதுக்குத் தேவையில்லை. தச்சுப்பட்டறையில் கேட்டால் வெட்டி மிஞ்சின துண்டுகள் மலிவாகத் தருவார்கள், முதலில் அந்தத் துண்டுகளிலேயே கீறுங்கள். ஐப்பசி கார்த்திகையில் சுவரோடு ஒட்டிச் சாத்தி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். கறையானும் வரும், நிலத்தில் வைக்க வேண்டாம்.